மூன்றாவது கேசிங்

இரும்பு ஊற்றும் நாளில் கடைசி அச்சு நிறையும்வரை அப்பா சாப்பிடமாட்டார். அதற்கு விரதம் என்று பெயரில்லை. பசி தெரிவதில்லை என்று மட்டும் சொல்வார். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை இருந்தது. இரும்பை உருக்கும் குப்போலா உலை எரியத் தொடங்கியதும் வீட்டின் பின்சுவர் சூடேறும். அம்மா உலர்த்திய துணிகளை முன்பக்கக் கொடிக்கு மாற்றிவிடுவார். நான் புத்தகத்தோடு எந்த அறைக்குப் போனாலும், உலைக்குக் காற்றூதும் ப்ளோயரின் இரைச்சல் உடன் வரும். பழகிய இரைச்சல், அது நின்றால்தான் எல்லோரும் தலை நிமிர்வோம். ப்ளோயர் மின்சாரத்தில் ஓடியது. கரண்ட் போனால் காற்று நிற்கும்; காற்று நின்றால் உருகிய இரும்பு ஆறத் தொடங்கும்; ஆறிய இரும்பு அச்சின் மூலைகளுக்கு ஓடாது. விளக்கு அணைவது எங்கள் வீட்டில் மின்வெட்டின் மிகச் சிறிய பகுதி.

தொண்ணூறுகளின் நடுவில், நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, ஆடி மாதத் தொடக்கத்தில் அப்பாவுக்கு ஒரு வேலை வந்தது. அவர் பல காலமாகக் கிணற்றுப் பம்புகளுக்கு வார்ப்பு செய்து கொடுத்துவந்த பம்பு கம்பெனி, தீயணைப்புப் பம்புகளுக்கு மூன்று கேசிங் கேட்டது. கேசிங் என்பது பம்பின் வெளிக்கூடு. நத்தையோடு போலச் சுருண்டிருக்கும். தண்ணீர் அதற்குள் சுழன்று வெளியேறும். அப்பாவுக்குக் கைவந்த வேலைதான். ஆனால் அந்தப் பம்புகள் கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றுக்குப் போகவிருந்தன. இவை சரியாக அமைந்தால் அந்த வகை வேலைகள் தொடர்ந்து எங்களுக்கே வரும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகி, திறந்த கிணறுகளின் பம்புகளுக்கு வேலை குறைந்துகொண்டிருந்த காலம் அது. இந்த வேலை கைகூடாவிட்டால் பட்டறையை எத்தனை காலம் நடத்தமுடியும் என்று அப்பா எங்களிடம் சொல்லவில்லை. பட்டறையில் ஆட்கள் குறைந்திருந்ததை நாங்களே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

“அணு உலைக்குங்களா?” என்றார் அம்மா, சோறு போட்டபடி. “அது குண்டு செய்யற எடமல்லங்க?”

“குண்டில்ல அம்மணி, கரண்டு. நம்முது உலைக்குள்ள போறதுமில்ல. நெருப்புப் புடிச்சா அணைக்கிற தண்ணிப் பம்பு.”

“அங்க நெருப்புப் புடிக்குமுங்களா?”

“புடிக்காம பாத்துக்குவாங்க.”

“புடிக்காதுன்னா எதுக்குங்க பம்பு?”

அப்பா சிரித்துவிட்டார். “உன்ரகிட்டப் பேசி ஆரு கெலிக்கறது?”

“செரி, அந்தக் கரண்டு வந்தா என்ர கிரைண்டரு மாவு அரைஞ்சு முடியற வரைக்கும் நிக்காம ஓடுமுங்களா? அதைய மட்டும் சொல்லுங்க.”

அதே வாரம் கல்லூரியில் பட்டிமன்றம் அறிவித்தார்கள். அணுமின் நிலையங்களைத் தொடர்ந்து இயக்கும் அளவுக்கு அவை பாதுகாப்பானவையா, இல்லையா என்பது தலைப்பு. அதுவரை நான் மேடை ஏறியதில்லை. எழுதிக் கொடுப்பேன், மற்றவர்கள் பேசுவார்கள். எங்கள் பேராசிரியை இம்முறை என் பெயரைப் ‘பாதுகாப்பானவையே’ என்ற அணியில் எழுதிவிட்டார்.

“மேடம், எதிரணியில போடமுடியுங்களா?”

“ஏன், அதுல நம்பிக்கையா?”

“எதுலயும் இன்னும் இல்லீங்க மேடம்.”

“அப்ப இதுலயே இரு. நம்பிக்கையில்லாத பக்கத்தைப் பேசறவதான் ஒழுங்காப் படிப்பா.”

படித்தேன். நிலக்கரிச் சுரங்கங்களில் இறப்பவர்களைப் பற்றி, அனல்மின் நிலையங்களின் புகையைப் பற்றி, செர்னோபிலைப் பற்றி. உலையிலிருந்து எடுத்த கழிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆபத்தாகவே இருக்கும் என்ற வரியில் நெடுநேரம் நின்றேன். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழைப் படிக்க எங்களுக்கு உரையாசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அந்தக் கழிவைப் புதைத்த இடத்தில் வைக்கும் எச்சரிக்கைப் பலகைக்கு எந்த உரையாசிரியர் வருவார்? இந்தக் கேள்வி என் அணிக்கு உதவாது, ஒதுக்கி வைத்தேன். ஒதுக்கி வைத்தவையே நாளுக்கு நாள் மிகுதியாயின. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றே வந்தேன். ஒரு பத்தியை எழுதுவேன், அடித்துவிட்டு அதன் மறுதலையை எழுதுவேன், இரண்டும் நன்றாகவே இருக்கும். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

கடைசியில் ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அணுமின் நிலையத்தில் ஒரு காவலுக்குப் பின்னால் இன்னொரு காவல் இருக்கிறது. ஒன்று தவறினால் அடுத்தது தாங்கும். ஒவ்வொரு பொருளையும் ஒருவர் செய்கிறார், வேறொருவர் சோதிக்கிறார். யாரும் தவறே செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை இதற்குத் தேவையில்லை. தவறுவார்கள் என்று ஒப்புக்கொண்டு கட்டிய ஏற்பாடு இது. எழுதி முடித்தபோது உண்மையாகவே எனக்குப் பிடித்திருந்தது.

ஊத்து நாள் வந்தது. மேஸ்திரி உலையின் முன் கற்பூரம் காட்டி எலுமிச்சை நசுக்கினார். அப்பாவின் இளமையிலிருந்தே எங்கள் பட்டறையில் இருப்பவர் அவர். மணலில் அச்சுக் கட்டுவதும் இரும்பு ஊற்றுவதும் அவர் பொறுப்பு. அன்று மின்வெட்டு அறிவிக்கப்படவில்லை. முதலிரண்டு அச்சுகளும் நிறைந்தன. மூன்றாவதற்கு இரும்புக் குழம்பு ஏந்தும்போது இரைச்சல் நின்றது.

நான் பின்வாசலுக்கு வந்தேன். அப்பா அசையாமல் ப்ளோயரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிக்காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு காற்று வெளியே வீணாக அடிக்க, உலைக்குள் காற்றில்லை. மேஸ்திரி காத்திருந்தார், பிறகு காத்திருக்க முடியாது என்று ஏந்தியதை ஊற்றினார்.

“ஊத்திப்போட்டேனுங்க,” என்றார். “நெறஞ்சுருச்சு. உள்ள எப்புடி ஓடுச்சுன்னு நாளைக்குப் பாத்துக்கலாம்.”

நான் உடனே என் பேச்சில் ஒரு பத்தி சேர்த்தேன்: மின்பற்றாக்குறை ஒரு சிறு பட்டறையை என்ன செய்கிறது என்று, பெயர் சொல்லாமல், எங்கள் மூன்றாவது அச்சைப் பற்றி. மறுநாள் மின்வாரிய ஆள் தெருமுனையில் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா விசாரித்தார். பற்றாக்குறையால் போன கரண்ட் இல்லையாம். புளியமரக் கிளை முறிந்து கம்பிமேல் விழுந்திருக்கிறது. எத்தனை அணு உலை கட்டினாலும் அந்தக் கிளையைத் தாங்காது. அந்தப் பத்தியை அடித்தேன்.

அச்சை உடைத்து, வார்ப்பைத் தட்டிச் சுத்தம் செய்த பிறகு, நான் தேநீர் கொண்டுபோனேன். மூன்றாவது கேசிங் தனியாக வைக்கப்பட்டிருந்தது. அதன் வாயைச் சுற்றியிருந்த பட்டைக்குச் சற்றுக் கீழே ஈரமான கரும்பழுப்புத் தேமல் ஒன்று தெரிந்தது. மூக்கில் ஏறும் நெடி.

“என்னங்க மேஸ்திரி இது?”

“கொஞ்சம் பொத்தல் உழுந்துருச்சு கண்ணு. வைத்தியம் பண்ணிப்போட்டேன்.”

வைத்தியம் என்பது எங்கள் பட்டறைச் சொல். குளிர்ந்த இரும்பு ஊற்றினால் வார்ப்பில் சிறு குழிகள் விழும். இரும்புத் தூளையும் நவச்சாரத்தையும் நீர்விட்டுக் குழைத்துக் குழியில் அடைத்துவிட்டால், அது துருவேறி, இறுகி, இரும்போடு இரும்பாக நிற்கும். இதில் ஒளிவுமறைவு கிடையாது. கிணற்றுப் பம்புக்குக் கேசிங் மாற்ற நேராக எங்களிடமே வரும் தோட்டத்துக்காரர்களே, “வைத்தியம் பண்ணுனதாப் பாத்துக் குடுங்க, வெலை கொறையுமல்ல” என்று கேட்டு வாங்குவார்கள். மேஸ்திரி அப்பாவைக் கேட்காமலே அதைச் செய்ததற்குக் காரணம், எந்த நாளும் கேட்டதில்லை என்பதுதான்.

ஆனால் இந்த வேலைக்குக் கம்பெனி கொடுத்த ஆங்கில விவரத்தாளை அப்பாவுக்கும் மேஸ்திரிக்கும் வாசித்துப் பொருள் சொன்னவள் நான். குழி விழுந்த வார்ப்பை அடைக்கக் கூடாது, ஒதுக்கவேண்டும் என்று அதில் இருந்தது. அப்போது மேஸ்திரி தலையாட்டினார். வேறு யாரோ செய்யும் தில்லுமுல்லைப் பற்றிய விதி என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கவேண்டும். தன் வைத்தியம் ‘அடைப்பது’ என்ற அந்தச் சொல்லுக்குள் வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். விரலால் தேமலைத் தடவி முகர்ந்தார்.

“வெள்ளிக்கெழமை டெஸ்டுக்கு வாராங்க,” என்றார். “மறுக்கா உலை போடறதுக்கு நாளில்ல.”

“நிக்குமுங்க,” என்றார் மேஸ்திரி.

“டெஸ்டுல நின்னாப் போவட்டும்.”

அவ்வளவுதான் பேச்சு. நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். விவரத்தாளில் அப்படி இருந்ததே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. அப்பாவுக்கு அது மறந்திருக்காது என்று தெரியும். பட்டறையின் ஆட்களை நிறுத்தாமல் வைத்திருக்க அவர் படும் பாடும் தெரியும். ‘ஒருவர் செய்கிறார், வேறொருவர் சோதிக்கிறார்’ என்ற வரியைப் பார்த்தேன். சரி, சோதனை இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது.

வியாழன் மாலையில் கரண்ட் போயிற்று. சிம்னி விளக்கைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தோம். அரைபடாத மாவை அம்மா கிரைண்டரிலிருந்து வழித்துக்கொண்டிருந்தார்.

“உன்ர பேச்சு எழுதியாச்சா சாமி? படி, கேக்கலாம்,” என்றார் அப்பா.

படித்தேன். அம்மாவின் கேள்வியையும் அதில் சேர்த்திருந்தேன்: நெருப்புப் பிடிக்காதென்றால் பம்பு எதற்கு? பிடிக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் நேர்மைக்குத்தான் பம்பு. அம்மா நிமிர்ந்து, “என்ர பேரைச் சொல்லாம எடுத்துக்கிட்டா பாருங்க,” என்றார். ஒரு காவலுக்குப் பின் இன்னொரு காவல் என்ற இடம் வந்ததும் அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இதைய ஆரு சொன்னது?”

“புத்தகத்துல இருந்துச்சுங்கப்பா. நானும் யோசிச்சேன்.”

“அந்த ரெண்டாவது காவக்காரன், மொதக் காவக்காரன் முழிச்சிருக்கான்னு நெனச்சுத் தூங்கிட்டான்னா?”

அவர் கேட்டது என்னை இல்லை என்று பட்டது. “மேல படி,” என்றார். மீதியை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்தார். வயது குறைந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்த முதல் இன்ஸ்பெக்டர் அவர்தான் என்று மேஸ்திரி பிறகு சொன்னார். அவருக்கு அவசரம்.

“மாமனாரு அந்தியூர்ச் சந்தையில குதிரை பாக்கோணும்னு நிக்கறாருங்க. பொழுதோட போய்ச் சேரலீன்னா ஊட்டுல பெரிய பேச்சாயிரும்.”

“வாங்கறாருங்களா?” என்றார் மேஸ்திரி.

“எங்கீங்க. வருசா வருசம் பல்லைப் புடிச்சுப் பாத்துப்போட்டு வந்துருவாரு. குதிரையே இப்ப அவரைப் பாத்தா வாயைத் தொறக்குதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. சோதனை தொடங்கியது. கேசிங்கின் வாய்களைத் தகடு வைத்து முடுக்கி, உள்ளே தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். வெளிப்புறம் முழுக்கச் சுண்ணக்கட்டியைப் பூசியிருப்பார்கள். எங்காவது கசிந்தால் வெள்ளையில் ஈரம் உடனே தெரியும். முதலிரண்டும் உலர்ந்தே நின்றன. மூன்றாவதற்கு அழுத்தம் ஏறியபோது நான் தண்ணீர்த் தொட்டியருகே குடத்தோடு நின்றிருந்தேன். நிற்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. கசியவேண்டும் என்று வேண்டினேனா, கசியக்கூடாது என்று வேண்டினேனா என்பது இன்றும் தெளிவாக இல்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இன்ஸ்பெக்டர், தேறிய வார்ப்பில் முத்திரை குத்தும் உளியை எடுத்தார்.

“இருங்க,” என்றார் அப்பா. “அதுல வைத்தியம் பண்ணியிருக்குதுங்க.”

இன்ஸ்பெக்டர் நிமிரவில்லை. “பாத்தனுங்க. வாய்க்குக் கீழதானுங்களே? அங்க சுண்ணாம்பு வேற மாதிரி புடிச்சுது. நின்னுருச்சல்லங்க, அப்புறமென்ன.”

“எழுதுன வெவரத்துல கூடாதுன்னு இருக்குதுங்க.”

“எழுதறவங்க எழுதுவாங்க. எந்த ஃபவுண்டரியில இல்லீங்க? அங்க ஒரு பம்பா இருக்கப்போகுது? ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்குமுங்க.”

என் வாதம். ஏறக்குறைய என் சொற்கள். குடத்தைக் கீழே வைத்தேன்.

“அந்த இன்னொண்ணை ஊத்துனவனும் இப்பிடித்தானுங்களே நெனச்சிருப்பான்,” என்றார் அப்பா.

மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. “அப்ப நான் இத்தன வருசம் செஞ்சதெல்லாம் களவாணித்தனமுங்களா?”

“இல்லீங்க மேஸ்திரி. தோட்டத்துக்காரன் வாங்கிட்டுப் போறான். ஒழுகுச்சுன்னா சைக்கிள்ள கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னு நாலு வார்த்தை வைவான். நீங்க மறுக்கா பண்ணிக் குடுப்பீங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. இது தெனமும் ஓடற பம்பில்லீங்க. சும்மாவே நிக்கும். எப்பவோ ஒரு நாளைக்கு வேணும். அன்னிக்கு ஒழுகுனா நம்ம வாசலுக்கு ஆரு வருவாங்க?”

இன்ஸ்பெக்டர் உளியைத் துணியில் துடைத்தார்.

“நானே செரீங்கறேன், உங்களுக்கு என்னங்க,” என்றார், கோபமில்லாமல், உண்மையிலேயே புரியாமல். “இந்த மூணையும் ஒண்ணா அனுப்போணும். ஒண்ணு கொறைஞ்சா மேல சொல்லோணும். சொன்னா அடுத்த வேலை இங்க வாரது செரமமுங்க.”

“தெரியுதுங்க.”

“யோசிச்சுக்குங்க.”

“ரெண்டுல முத்திரை குத்துங்க. அடுத்த ஊத்துல மூணாவதைத் தாரேன். இது என்ர பட்டறையை விட்டுப் போவாதுங்க.”

அவர் இரண்டில் மட்டும் குத்திவிட்டு அந்தியூருக்குப் பேருந்து பிடிக்கப் போனார். வாசலில் என்னைப் பார்த்து, “அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்க,” என்றார். என்ன சொல்லவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “ஆளுகளுக்கு என்ன சொல்லப்போறீங்க?” அப்பா, “சொல்லறதுக்கு என்ன இருக்குது, கெணத்துப் பம்பு ஊத்துவோம்,” என்றார். அவருக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. தவறாகச் செய்துவிட்டோமோ என்ற சந்தேகத்தோடு முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்தார். நானும் என் அறையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பட்டிமன்றத்துக்கு முந்தைய நாள் பேராசிரியையிடம் போனேன். அணி மாறமுடியுமா என்று கேட்கவில்லை. ஒரு பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “எதை?” என்றார். காவலுக்குப் பின் காவல் என்ற பத்தியைக் காட்டினேன். அதுதான் பேச்சின் முதுகெலும்பு, அதை எடுத்தால் என்ன மிஞ்சும் என்றார். மிஞ்சுவதைச் சொன்னேன்: நிலக்கரி கொல்கிறது, இருட்டும் கொல்கிறது, சோதிப்பவர் தூங்காதவரை இது பாதுகாப்பானது. “அந்தக் கடைசி வரி எதிரணியோடது,” என்றார் அவர். பத்தி நின்றது, கடைசி வரி போயிற்று.

மேடையில் என் குரல் நடுங்கவில்லை. அம்மாவின் பம்புக் கேள்விக்கு அரங்கம் சிரித்தது. காவல்களின் பத்திக்குக் கைதட்டினார்கள். எதிரணியில் ஒருத்தி கதிரியக்கத்தைப் பற்றி உணர்ச்சியோடு பேசினாள். கேட்கக் கேட்க, அவள் எதற்கு அஞ்சவேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ அஞ்சுகிறாள் என்று தோன்றியது. எழுந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் போலிருந்தது. நடுவர், அணுமின் நிலையங்கள் தொடர்ந்து இயக்கும் அளவுக்குப் பாதுகாப்பானவையே என்று தீர்ப்பளித்தார். தோழிகள் என் கையைக் குலுக்கினார்கள். அந்தத் தீர்ப்பு எந்தச் சோதனையில் நின்றது என்று யோசித்தபடி சிங்காநல்லூர்ப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த ஊத்து நாளுக்குள் கம்பெனியிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கேசிங் வேண்டாம். வேறு பட்டறையிலிருந்து வந்துவிட்டது. எந்தப் பட்டறை என்று அப்பா கேட்கவில்லை. மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வகை வேலை பிறகு எங்களுக்கு வரவில்லை.

ஊத்து நாள் காலையில் மூன்றாவது கேசிங்கை உடைத்தார்கள். உடைத்த துண்டுகள் கோக் கரியோடும் பழைய இரும்போடும் மீண்டும் உலைக்குள் போகும். மேஸ்திரி யாரிடமும் சம்மட்டியைக் கொடுக்காமல் தாமே அடித்தார். அடிக்க அடிக்கக் கூடு பிளந்தது. வாய்ப்பட்டை பெயர்ந்தது, சுருள் இரண்டாகியது. அவர் சம்மட்டியைப் போட்டுவிட்டு உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைத் தேடியெடுத்தார். கரும்பழுப்புத் தேமல் அதில் அப்படியே இருந்தது. பிளவு அதன் பக்கத்தில், நல்ல இரும்பின் வழியாக ஓடியிருந்தது.

“பாருங்க,” என்று அப்பாவிடம் நீட்டினார். “ஒடைஞ்சதெல்லாம் உங்க இரும்புதானுங்க. என்ர வைத்தியம் நிக்குது.”

அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். ஒன்றும் உதிரவில்லை. என்னிடம் நீட்டினார், நானும் சுரண்டினேன்.

“நின்னிருக்குமாட்ட இருக்குதுங்களே அப்பா,” என்றேன்.

“இருக்கும்.” அவர் துண்டைத் திரும்ப வாங்கினார். “நின்னுமிருக்கும்.”

பிறகு அதை மேஸ்திரியிடம் கொடுத்து, “போடுங்க உள்ள,” என்றார்.

மேஸ்திரி ஒரு கணம் தயங்கினார். அதை வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு உலையின் மேல்வாய்க்குப் போகும் கூடையில் போட்டார்.

“உங்க கச்சிதான் கெலிச்சுதாம்மா?” என்று அப்பா என்னைக் கேட்டார், அப்போதுதான் நினைவு வந்தவரைப் போல.

“ஆமாங்கப்பா.”

“அப்புறம் ஏன் இப்பிடி நிக்கறே?”

ப்ளோயர் இரையத் தொடங்கியது. நான் வீட்டுக்குள் போகவில்லை. அப்பாவுக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு அச்சும் நிறைவதைப் பார்த்துக்கொண்டு, இரைச்சல் எந்த நொடி நிற்கும் என்று காதைக் கொடுத்தபடி நின்றேன். அன்று கடைசி அச்சு நிறையும்வரை கரண்ட் போகவில்லை.